நாற்பத்திரண்டு பேர் அளவும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

திங்கட்கிழமை மதியம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. சத்தமில்லாமல் போயிருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். முதலில் 'டிக்' என்றது. கொஞ்சம் யோசித்து 'டிக் டிக்' என்றது. அப்புறம் செருப்புக்குள் மணல் புகுந்ததுபோல 'கிர்ர்ர்' என்று ஓர் இழுவை. திரை கறுத்தது. கறுத்த திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்தது. டிஸ்க்கைக் காணவில்லை என்றது அந்த வரி.

"நேத்து வரைக்கும் இருந்துச்சே!" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார் சர்வேயர்.

சர்வேயருக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது.

அவர் இருபத்திரண்டு வருஷமாக நிலம் அளக்கிறவர். ஊரே அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி வீட்டு முன்னறையில் மூன்று தையல் மிஷினும், ஒரு பெரிய வெட்டு மேஜையும், உதவிக்கு இரண்டு பெண்களுமாக யூனிஃபார்ம் தைப்பவர். அவரை எல்லோரும் டெய்லரம்மா என்பார்கள். வீட்டுக்காரர் அளப்பது ஏக்கரில், வீட்டுக்காரி அளப்பது அங்குலத்தில். சர்வேயர் அளந்த நிலத்தில் அவ்வப்போது தகராறு வந்து கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. டெய்லரம்மா அளந்த சட்டையில் இன்றுவரை ஒரு பட்டன் தெறித்ததில்லை.

அந்த வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது சர்வேயரின் பிடிவாதத்தால். சாக்பீஸ் தூளும் எண்ணெய்க் கறையும் படிந்த நான்கு நீள நோட்டுகளில் டெய்லரம்மா எல்லோருடைய அளவையும் எழுதி வைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால், சர்வேயர் மூன்று வாரம் உட்கார்ந்து, இரண்டே விரலால், அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றி முடித்த கையோடு நான்கு நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"எல்லாம் சரிங்க. அது செத்துப்போச்சுன்னா?" என்று அன்றைக்கே கேட்டார் டெய்லரம்மா.

"செத்துப்போறதுக்கு அது என்ன மனுஷனா? மிஷின்."

"என் தையல் மிஷின் மாசத்துக்கு ரெண்டு தடவை மூச்சு முட்டி நிக்குதே?"

"அது தைக்கிற மிஷின். இது யோசிக்கிற மிஷின்."

"அப்ப இன்னும் சீக்கிரம் போயிடும். நீங்க பத்து நிமிஷம் யோசிச்சாலே படுத்துடறீங்க."

இந்தப் பேச்சு சர்வேயருக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர், எதற்கும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே ஒரு காப்பி எடுத்தார். அதை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, 'பத்திரம்' என்று பெயரும் வைத்தார். அந்த 'பத்திரம்' இருந்தது அதே கம்ப்யூட்டரில். அதே டிஸ்க்கில்.

இப்போது அளவும் போயிற்று, பத்திரமும் போயிற்று.

கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார் சர்வேயர். முன்னறையைத் தாண்டாமல் வாசலுக்குப் போக வழியில்லை.

"எங்கங்க, கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு?"

"சர்வீஸுக்கு."

"நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

"நல்லா ஓடறப்பவே சர்வீஸ் பண்ணிடணும்மா. அதான் புத்திசாலித்தனம்."

"போர்வை எதுக்கு?"

"தூசி படாம இருக்க."

டெய்லரம்மா ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார்: "கல்யாணமாகி என்னைக்கூட இவ்வளவு பதவிசா நீங்க கூட்டிட்டு வரலை."

இரண்டு தெரு தள்ளி இருந்தது ரிப்பேர் கடை. அங்கே இருந்தவரைக் கம்ப்யூட்டர் டாக்டர் என்பார்கள். அவர் பெட்டியைத் திறந்தார். டிஸ்க்கைக் கழற்றினார். தன் மேஜையில் ஒரே ஒரு தடவை கரென்ட் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டார். 'டிக்' என்றதும் பட்டென்று அணைத்துவிட்டார்.

"அண்ணே, உள்ள படிக்கிற முள்ளு தட்டுல உரசிடுச்சு. இனிமே கரென்ட் குடுத்தா இருக்கறதையும் சுரண்டிடும். கடைசியா எப்போ காப்பி எடுத்தீங்க?"

"எடுத்திருக்கேன்," என்றார் சர்வேயர், கொஞ்சம் நிமிர்ந்து.

"அப்பாடா. எங்க இருக்கு?"

"இதுக்குள்ளதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட சேதி சொல்லப்போகிற டாக்டர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது.

"அண்ணே, சாவி தொலைஞ்சா என்ன பண்றதுன்னு பயந்து, இன்னொரு சாவி செஞ்சு, அதையும் அதே கொத்துல மாட்டின ஆள் நீங்க. காப்பின்னா மூணு இருக்கணும். மூணும் ஒரே பெட்டியில இருக்கக் கூடாது. ஒண்ணாவது வீட்டுக்கு வெளிய இருக்கணும். வீட்டுல தீப்பிடிச்சாலும் அது பிழைச்சுக்கும்."

"தீ இன்னும் பிடிக்கலை. சாயங்காலம்தான் பிடிக்கும். இப்ப இதுக்கு என்ன வழி?"

"வெளியூர்ல ஒரு லேப் இருக்கு. தூசியே இல்லாத ரூம்ல வெச்சுத் திறந்து பாப்பாங்க. இன்னிக்கே அனுப்பறேன். வந்தா வந்துச்சு."

"எத்தனை நாள்?"

"நாலு நாளும் ஆகலாம், நாப்பது நாளும் ஆகலாம்."

நாற்பது நாள்தான் என்று சர்வேயர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் டெய்லரம்மா எதிரே வந்தார். முகம் விளக்கு ஏற்றியதுபோல இருந்தது.

"ஏங்க, ஆஸ்பத்திரி ஆர்டர் நமக்கே வந்திடுச்சு! புதுக் கட்டடம் திறக்கறாங்களாம். போன வருஷம் நம்மகிட்ட தெச்ச நாப்பத்திரண்டு பேருக்கும் புது யூனிஃபார்ம். இது நல்லா அமைஞ்சுதுன்னா நர்ஸ் படிக்கிற பொண்ணுங்க ஆர்டரும் நமக்குத்தானாம். சனிக்கிழமை காலையில துணி வெட்டறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க அளவு எல்லாம் எடுத்துக் குடுத்திடுங்க."

சர்வேயர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷமாக ஒன்றும் இரண்டுமாகச் சட்டை தைத்துத் தைத்து, விரல் நுனியெல்லாம் சல்லடையாகி, இப்போதுதான் ஒரு பெரிய இடம் இரண்டாவது தடவையும் நம்பிக் கதவைத் திறந்திருக்கிறது. அதை இந்த இரண்டு விரலால் தட்டித் தட்டியே மூடியவன் என்று தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது?

"சரிம்மா" என்றது வாய்.

அடுத்த நாள் காலை அவர் ஒரு முடிவோடு எழுந்தார். நிலம் அளக்கத் தெரிந்தவனுக்கு மனுஷனை அளப்பது ஒரு கஷ்டமா? நான்கு நாள் லீவு எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். தையல் மேஜையிலிருந்து ஒரு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். மனைவியிடம், "பெரிய அளவை ஒண்ணு இருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளி வேலை" என்று சொன்னார்.

"வெயில்ல அலையாதீங்க. தண்ணி எடுத்துக்கோங்க," என்று பாட்டிலை நீட்டினார் டெய்லரம்மா.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகுதான் சர்வேயருக்கு ஒன்று உறைத்தது. நாற்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர் நர்ஸுகள். நிலத்தை அளக்கக் கல் நட்டால் போதும். நர்ஸை அளக்கக் கிட்டே போனால் கல்லடிதான் விழும். ஆகவே தூரத்திலிருந்தே அளப்பது என்று தீர்மானித்தார். வராண்டாவில் பதித்திருந்த தரைக்கல் ஒவ்வொன்றும் சரியாக ஓர் அடி. ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி. இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற நர்ஸுகளை ஒரு கண்ணை மூடிப் பார்த்து நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். ஒருத்தி வேகமாகப் போனாள். அவள் பின்னாலேயே தரையைப் பார்த்துக் கல்லை எண்ணிக்கொண்டு போனார். திரும்பி வந்தாள். அவரும் எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"கண்ணுல என்ன கோளாறு?"

ஹெட் நர்ஸ். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றால் ஆஸ்பத்திரியில் காய்ச்சலே தானாக இறங்கிவிடும் என்பார்கள்.

"கோளாறா? ஒண்ணும் இல்லீங்களே."

"ஒரு கண்ணை மூடிக்கிட்டே இருக்கீங்க. கண் டாக்டர் மூணாவது மாடி."

"இல்லீங்க... நான் வந்து... தரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தரை நாங்களே தினமும் தொடைக்கிறோம். நோட்டைக் குடுங்க."

நோட்டை வாங்கிப் படித்தார் ஹெட் நர்ஸ். 'உயரமான நர்ஸ், அஞ்சேமுக்கால் கல், கொஞ்சம் மேடு' என்று அதில் எழுதியிருந்தது. சர்வேயர் அந்த இடத்திலேயே உருகி, டிஸ்க் செத்ததிலிருந்து வெள்ளிக்கிழமை கெடு வரைக்கும் கொட்டித் தீர்த்தார்.

"வீட்டுல சொல்லலாமே?"

"சொல்லலாம். ஆனா அவ சந்தோஷமா இருக்கா."

ஹெட் நர்ஸ் நோட்டை மூடினார். இருமல் வந்ததுபோல வாயை மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டி, "டேப்பைக் குடுங்க. பொம்பளைங்களை நான் அளக்கறேன். நீங்க சுவத்தைப் பாத்து நின்னு எழுதுங்க. திரும்புனீங்க, ஊசிதான்," என்றார்.

அன்று தொடங்கி வெள்ளிக்கிழமை வரை, காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்று இரண்டு வேளையும் சர்வேயர் சுவரைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால் இலக்கங்கள் வந்து விழுந்தன. சில இலக்கங்களுக்கு, "மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர், அவருக்குக் காது கேக்குது" என்று கூச்சல் எழுந்தது. அந்தச் சுவரில் எத்தனை விரிசல் இருக்கிறது, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடமே போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

ஆண்கள் பதினாறு பேரும் அவர் பொறுப்பு. அதுவும் லேசாக இல்லை. வாசல் செக்யூரிட்டி மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சுக்கு ஏற்றிக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்க."

"இதான் என் சாதாரண மூச்சு."

"பேசறதுக்காவது விடணுமே?"

விட்டார். டேப் கையை விட்டு நழுவியது. "நாப்பத்தொண்ணு," என்றார் சர்வேயர்.

"முப்பத்தாறுன்னு எழுதுங்க."

"முப்பத்தாறுல தெச்சா நீங்க உள்ள எப்படிப் போவீங்க?"

"அது என் கவலை. எழுதறது உங்க வேலை."

"அண்ணே, நான் நிலத்தையே கூட்டிக் குறைச்சு எழுதாதவன். இடுப்புக்காகவா எழுதப்போறேன்?"

ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தோள் அளக்கும்போது மணி அடித்தது, ஓடிவிட்டார். கை அளக்கும்போது மறுபடி அடித்தது. செவ்வாய்க்கிழமை தோளும் இடது கையும், புதன்கிழமை வலது கையும் என்று தவணை முறையில் அந்த மனுஷரை அளந்து முடித்தார். கேன்டீன் சமையல்காரர் இன்னொரு வகை. டேப் ஒரு சுற்று போய் மறுபக்கம் வரவில்லை.

"உங்க டேப்புதான் சின்னது," என்றார் சமையல்காரர், வருத்தமே இல்லாமல்.

சாயங்காலங்களில் வீட்டில் விசாரணை நடக்கும்.

"அளவை எப்படிங்க போகுது?"

"போகுதும்மா. கரடுமுரடான இடம்."

"எத்தனை ஏக்கர்?"

"நாப்பத்திரண்டு."

"அடேயப்பா. எல்லாம் சமதரையா?"

"இல்ல. மேடு பள்ளம் ஜாஸ்தி. ஒரு இடத்துல சங்கிலியே எட்டலை."

"ஆக்கிரமிப்பு ஏதாவது?"

சர்வேயர் செக்யூரிட்டியை நினைத்துக்கொண்டார். "முன்பக்கமா ஒரு அஞ்சு அங்குலம் ஏறியிருக்கு. கேட்டா ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

டெய்லரம்மா திடீரென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று சர்வேயருக்கு அப்புறம்தான் தோன்றியது. களைப்பில் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நாற்பத்திரண்டாவது ஆளும் முடிந்தது. ஹெட் நர்ஸுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில், எதற்கும் பார்ப்போமே என்று ரிப்பேர் கடைக்குள் தலையை நீட்டினார்.

"வாங்கண்ணே! பிழைச்சிடுச்சு!" என்றார் டாக்டர். "லேப்ல முக்கால்வாசி எடுத்துட்டாங்க. உங்க 'பத்திரம்' முழுசா வந்திருக்கு. புது டிஸ்க்குல போட்டு, தனியா இந்தச் சின்ன டிரைவ்லயும் ஒரு காப்பி வெச்சிருக்கேன்."

சர்வேயருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான்கு நாள் சுவரைப் பார்த்து நின்றது இதற்குத்தானா? அங்கேயே திரையில் பழைய பட்டியலைத் திறக்கச் சொன்னார். பக்கத்தில் தன் நோட்டை விரித்தார். முதல் பெயர்: செக்யூரிட்டி. பழைய இடுப்பு முப்பத்தாறு, புதுசு நாற்பத்தொன்று. அடுத்தது ஒரு நர்ஸ். நடுவில் குழந்தை பெற்றிருந்தாள், ஓர் அளவும் சேரவில்லை. இன்னொருத்தி வயிற்றுவலி வந்து பாதியாகியிருந்தாள். சமையல்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாற்பத்திரண்டு பேரில் பழைய அளவோடு பொருந்தியவர்கள் மூன்றே பேர்.

சர்வேயரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. பழைய அளவை வைத்து நாளைக்குத் துணி வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பத்தொன்பது பேருக்குச் சேராத உடுப்பு! திறப்பு விழாவன்று வாசலிலேயே பட்டன் பறந்திருக்கும்! டெய்லரம்மா பெயர் என்ன ஆவது? டிஸ்க் செத்ததே நல்லதுக்குத்தான். அது செத்தது, இவர் காப்பாற்றினார். வீட்டை நோக்கி அவர் நடந்தபோது தெரு அகலம் போதவில்லை.

டெய்லரம்மா வெட்டு மேஜையில் துணியை விரித்து நீவிக்கொண்டிருந்தார். உதவிக்கு வரும் பெண்கள் இருவரும் போய்விட்டிருந்தார்கள். சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

"இப்படி உக்காரு. ஒரு உண்மையைச் சொல்லப்போறேன். பயப்படாதே."

"சொல்லுங்க."

"திங்கட்கிழமை கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. உன் அளவெல்லாம் போயிடுச்சு."

"தெரியும்."

"ஆனா நான் கையைக் கட்டிக்கிட்டு... என்ன சொன்னே?"

"திங்கட்கிழமை நாலு மணிக்கே தெரியும். ரிப்பேர் கடை சீட்டுல நீங்க எழுதிக் குடுத்தது என் நம்பர். உங்க நம்பர் உங்களுக்கு என்னிக்கு ஞாபகம் இருந்திருக்கு? எந்த ஃபோல்டரை முதல்ல எடுக்கணும்னு கேட்டு அந்தத் தம்பி எனக்குத்தான் போன் பண்ணினாரு."

சர்வேயர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப... ஹெட் நர்ஸ்?"

"அவங்களுக்கு நாலரை மணிக்குத் தெரியும். நான்தான் பேசினேன். 'எங்க வீட்டுக்காரர் என்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாரு, நாளைக்கு டேப்போட அங்கதான் வருவாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க'ன்னேன். முதல் நாள் ஒரு மணி நேரம் தரையை எண்ணிக்கிட்டு நடந்தீங்களாமே? மாடி ஜன்னல்ல நின்னு சிரிச்சு, அவங்களுக்கு ஊசி போடக் கை நிக்கலையாம்."

"தெரிஞ்சும் ஏம்மா என்னைய விட்டே?"

"ஒரு வருஷத்துக்கு முந்தின அளவை வெச்சு யாராவது துணி வெட்டுவாங்களா? எப்படியும் நாப்பத்திரண்டு பேரையும் புதுசா அளக்கணும். நாலு நாள் நான் அங்க போய் நின்னா இங்க வேலை நின்னுடும். 'நீங்க போங்க'ன்னு சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சர்வேயருக்குத் தன் குரலே காதில் கேட்டது: ஏக்கர் அளந்தவன் இடுப்பு அளக்கணுமா?

"போயிருக்க மாட்டேன்," என்று ஒப்புக்கொண்டார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலைங்க. 'வெள்ளிக்கிழமைக்குள்ள அளவு எடுத்துக் குடுங்க'ன்னுதான் சொன்னேன். நீங்களும் அளவு எடுத்தீங்க."

"இந்தா," என்று சர்வேயர் நோட்டை மெல்ல நீட்டினார். "இதையாவது பத்திரமா வெச்சுக்கோ. வேற காப்பி இல்ல."

டெய்லரம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு புது நீள நோட்டை எடுத்துக் காட்டினார். அத்தனை பேர் அளவும் முத்து முத்தாக எழுதியிருந்தது.

"நீங்க குளிக்கப் போறப்பல்லாம் உங்க பையிலேருந்து எடுத்து எழுதிக்கிட்டேன். இன்னிக்கு எடுத்ததைப் போன்லயே கேட்டு எழுதிட்டேன். ஹெட் நர்ஸ்கிட்ட இன்னொண்ணு இருக்கு. ஒண்ணாவது வீட்டுக்கு வெளிய இருக்கணும்னு ரிப்பேர் கடைத் தம்பி எனக்கும் சொன்னாரு."

டெய்லரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கோவமா?"

"இல்ல. நான் ஒருத்தன் கஷ்டப்பட்டது..."

"ஹெட் நர்ஸ் எல்லாம் சொன்னாங்க. 'அவ சந்தோஷமா இருக்கா'ன்னீங்களாமே. அதைக் கேட்டு அவங்க கண்ணே கலங்கிடுச்சாம். எனக்கும்தான்." டெய்லரம்மா அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "இன்னொண்ணும் சொல்லணும். பதினோரு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இவ்வளவு சுத்தமா யாரும் அளவு எடுத்து நான் பாத்ததில்ல. கால் அங்குலம் பிசகலை. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வலது கை அரை அங்குலம் நீளம்னு எனக்கே இதுவரைக்கும் தெரியாது."

சர்வேயர் டீயைக் குடித்தார். டீ இனித்தது. நான்கு நாள் அலுப்பும் காலிலிருந்து இறங்கி எங்கோ போனது. "அதெல்லாம் தொழில்ல இருந்தா வரும்மா," என்றார் பெருந்தன்மையாக. "நிலமா இருந்தா என்ன, மனுஷனா இருந்தா என்ன? அளவு அளவுதானே?"

"அதையேதான் நானும் அவங்ககிட்ட சொன்னேன்."

"யார்கிட்ட?"

"தீயணைப்பு நிலையத்துல. மத்தியானம் பேசினாங்க, முப்பது பேராம். திங்கட்கிழமை ஆரம்பிக்கணும்." டெய்லரம்மா டேப்பைச் சுருட்டி அவர் சட்டைப் பையில் வைத்தார். "இந்தத் தடவை நேரா போயிடறீங்களா, இல்ல முதல்ல கம்ப்யூட்டர் கெட்டுப் போகணுமா?"